பாதையும் நேர்த்தியும்: யாழ்ப்பாணப் புராண உலகில் பாத்திரம் அமைப்போர் கேட்பவை

யாழ்ப்பாணத்துக் கதைகளையும் தலங்களையும் அடியாகக் கொண்டு அமைத்த மேசை விளையாட்டு இது. மூன்று முதல் ஐந்து பேர் வரை சுற்றி இருந்து ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடுவார்கள். கூத்தில் உள்ளதுபோலவே கதையை நடத்துபவருக்கு அண்ணாவியார் என்று பெயர். புதிதாகச் சேருகிறவர்கள் பாதைகளைப் பற்றிக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

பாதை என்றால் என்ன? தொழிலா, சக்தியா?

இரண்டும் உண்டு. ஆனால் இரண்டையும் தாங்கி நிற்பது நேர்த்தி, அதாவது பாத்திரம் தீர்க்க வேண்டிய வாக்கு. ஒவ்வொரு பாத்திரமும் யாருக்கோ எதற்கோ கடன்பட்டுத்தான் இந்த உலகில் நடக்கிறது. பரியாரிக்கு மருந்து சொல்லிக் கொடுத்த குருவின் கடன், கடலோடிக்குக் கரையில் காத்திருக்கும் தெய்வத்தின் கடன். நேர்த்தி எழுதாத பாத்திரத்தை மேசைக்கு எடுப்பதில்லை. அது இல்லாவிட்டால் ஏழு பாதையும் மூன்றாம் அமர்விலேயே ஒன்றுபோலாகிவிடும்: எல்லோரும் எதையோ அடிப்பார்கள், எல்லோருக்கும் எண் கூடும், கதை நகராது.

அடிப்படை விதிகள் எங்கிருந்து வந்தவை?

1974இல் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு அடிப்படை விதிகள் 2023 ஜனவரியில் பொதுப்பயன்பாட்டு உரிமத்தில் திறந்துவிடப்பட்டன. எண் கணக்கெல்லாம் அதிலிருந்து எடுத்தது. பாதைகளும், நேர்த்தி விதிகளும், உலகமும் எங்களுடையவை.

முதல் பாத்திரத்தை எப்படி அமைப்பது?

ஒரு ஏ4 தாள், பென்சில், முக்கால் மணித்தியாலம் இருந்தால் காணும். பேனையால் எழுத வேண்டாம். முதல் இரண்டு அமர்வுக்குள் பாதி எண் மாறும்.

முதலில் நேர்த்தியை எழுதுங்கள், எண்களை அல்ல. அடுத்து பாதையைத் தெரிவு செய்யுங்கள். அதன் பின் 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆறு எண்களையும் வலு, லாவகம், தாக்குப்பிடிப்பு, கல்வி, மனத்தெளிவு, முகராசி ஆகிய ஆறு குணங்களுக்குப் பங்கிடுங்கள். பாதைக்கு உரிய குணத்துக்கு 15, தாக்குப்பிடிப்புக்கு 14 அல்லது 13. தாக்குப்பிடிப்புக்கு 8 போடுகிறவர்களின் பாத்திரம் பெரும்பாலும் முதல் சண்டையிலேயே விழும்.

ஒவ்வொரு குணத்திலும் 10ஐக் கழித்து, மிச்சத்தைப் பாதியாக்கி, கீழ்நோக்கி முழு எண்ணாக்கினால் வருவது கூட்டெண். 15க்கும் 14க்கும் +2, 13க்கும் 12க்கும் +1, 10க்கு 0, 8க்கு −1. கதை வளர வளரப் பாத்திரம் படி ஏறும். தேர்ச்சி எண் நான்காம் படி வரை 2, ஐந்திலிருந்து எட்டாம் படி வரை 3.

ஒன்றைச் செய்ய முயல்வது சோதனை. அதற்கு இருபது முகப் பகடையை உருட்டி, கூட்டெண்ணையும், அந்த வேலையில் தேர்ச்சி இருந்தால் தேர்ச்சி எண்ணையும் கூட்டுங்கள். சாதாரண வேலைக்கு 10, சிக்கலானதற்கு 15, கடினமானதற்கு 20 வர வேண்டும். முதற்படிப் பாத்திரம் தன் சொந்த வேலையில் 15ஐ எட்டுவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தேர்ச்சியும் இல்லை, கூட்டெண்ணும் 0 என்றால் நூற்றுக்கு 30தான். ஆகவே எல்லோரும் எல்லாவற்றையும் முயலாமல், தெரிந்தவரை முன்னே விடுங்கள்.

உயிர்ப்புள்ளி என்பது பாத்திரம் எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்: மறவருக்கு முதற்படியில் 10, பிறகு படிக்கு 6. மாந்திரீகருக்கு 6, பிறகு 4. மற்ற எல்லோருக்கும் 8, பிறகு 5. ஒவ்வொரு படியிலும் தாக்குப்பிடிப்புக் கூட்டெண்ணையும் சேர்க்க வேண்டும். பலர் அதை முதற்படியில் மட்டும் சேர்த்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். கூட்டெண் +2 உள்ள மறவருக்கு மூன்றாம் படியில் 28 இருக்க வேண்டும். 24 என்று எழுதியிருந்தால் பிழை அங்கேதான்.

இருபது முகப் பகடை இங்கே கடைகளில் கிடைப்பதில்லையே?

போனில் உருட்டும் செயலி போதும். போன் வேண்டாம் என்றால் 1 முதல் 20 வரை எழுதிய துண்டுகளை ஒரு ரின்னில் போட்டுக் குலுக்கி எடுங்கள். எடுத்த துண்டைத் திரும்பப் போட்டாக வேண்டும். போடாவிட்டால் பெரிய எண்கள் ஒருமுறை வந்ததும் தீர்ந்துவிடும், பிந்தி எடுப்பவர் பாவம்.

சாதாரண ஆறுமுகப் பகடை மூன்றை உருட்டலாமா என்று கேட்கிறார்கள். சராசரி இரண்டிலும் 10.5தான், ஆனால் பரவல் வேறு. 15ஓ அதற்கு மேலோ வர இருபது முகத்தில் நூற்றுக்கு 30 வாய்ப்பு, மூன்று பகடையில் ஒன்பதுக்குச் சற்று மேல். அப்படி ஆடுவதென்றால் 15ஐ 13 ஆகவும், 20ஐ 16 ஆகவும் இறக்குங்கள். சோகி எறிந்து ஆட வேண்டாம். ஒவ்வொரு சோகியும் ஒவ்வொரு மாதிரி விழும், கணக்கு நிற்காது.

ஏழு பாதைகள் எவை? புதியவருக்கு எது நல்லது?

மறவர், பாணர், பரியாரி, பூசாரி, கடலோடி, மாந்திரீகர், நாகவழி. புதியவருக்கு மறவர் அல்லது கடலோடி. மூன்று பேர் மட்டும் ஆடுவதென்றால் மறவர், பரியாரி, பாணர் என்ற சேர்க்கை எந்தக் கதைக்கும் தாக்குப்பிடிக்கும்.

மறவருக்கு வலு முதன்மை. வேல், வாள், பொல்லு எதுவும் கையாளலாம், ஐந்தாம் படியில் ஒரு சுற்றுக்கு இரண்டு அடி. கடலோடிக்கு லாவகம். வாடையிலும் சோளகத்திலும் எந்தத் திசைக்குப் பாய் இழுக்கும் என்று அறிந்தவர், கடலில் எல்லாச் சோதனைக்கும் தேர்ச்சி எண்ணை இரட்டிப்பாகக் கூட்டலாம். வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல் ஒன்று 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகம் வரை போயிருக்கிறது. கடலோடியை வெறும் மீன்பிடிக்காரராக மட்டும் ஆட வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறோம்.

பரியாரி வெறும் காயம் ஆற்றுபவர்தானே?

அப்படி ஆடினால் அந்தப் பாதை வீண். பரியாரியின் பையில் ஆறு வேளை மருந்து இருக்கும். ஒரு வேளை, எட்டுமுகப் பகடை ஒன்றையும் மனத்தெளிவுக் கூட்டெண்ணையும் சேர்த்து வரும் அளவு உயிர்ப்புள்ளியைத் திருப்பித் தரும். தீர்ந்தால் மூலிகை தேட வேண்டும்: ஆடாதோடை, நொச்சி, முடக்கொத்தான் எந்த வேலியில் கிடைக்கும் என்று 10க்கு ஒரு சோதனை. பிறகு எட்டுக்கு ஒன்றாக வற்றக் காய்ச்ச வேண்டும். அதற்கு ஒரு சாமம் போகும், அந்தச் சாமத்தில் நெருப்பும் புகையும் தெரியும். காட்டில் ஒளிந்திருக்கும்போது காய்ச்சுவதா விடுவதா என்பது கூட்டமாக எடுக்க வேண்டிய முடிவு.

இனிப் பத்தியம். மருந்து எடுத்தவர் அடுத்த விடியல் வரை பரியாரி சொன்ன ஒன்றை விலக்க வேண்டும்: புளி, கள்ளு, மீன், பகல் நித்திரை, எதுவும் இருக்கலாம். முறித்தால் ஆறிய புள்ளியில் பாதி போய்விடும். அண்ணாவியார்மார் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள், கணக்கு வைப்பது கரைச்சல் என்று. வைத்துப் பாருங்கள். விருந்துக்கு அழைத்த அரசனின் பந்தியில் மறவர் கள்ளை மறுக்க வேண்டிய நிலை வரும், அதிலிருந்தே ஒரு காட்சி பிறக்கும்.

மூலிகைப் பெயர்கள் உண்மையானவை, அளவுகள் ஆட்டத்துக்கானவை. வீட்டில் யாரையாவது பாம்பு கடித்தால் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

பூசாரிக்கு உரு வருவது எப்படி? ஏன் எல்லோரும் அதிலே விழுகிறார்கள்?

ஏழு பாதையிலும் பலமானதும் அடிக்கடி கெட்டுப்போவதும் இதுதான்.

உரு வர, அதாவது தெய்வம் பூசாரி மேல் ஏற, மூன்று வேண்டும்: சாம்பிராணிப் புகை, பறை அல்லது உடுக்குச் சத்தம், எதிரே நின்று கேட்பதற்கு ஒரு ஆள். மூன்றும் கூடினால் பூசாரி அந்தச் சுற்றிலிருந்து எல்லாச் சோதனையிலும் எல்லா அடியிலும் ஆறுமுகப் பகடை ஒன்றைக் கூட்டி எடுக்கலாம். மூன்று சுற்று வரை நீடிக்கும். இரண்டு விடியலுக்கிடையே ஒரு தடவை மட்டும்.

ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் நிறுத்துவதா தொடர்வதா என்று பூசாரி முடிவெடுக்க வேண்டும். நிறுத்த மனத்தெளிவுச் சோதனை. முதற்சுற்றின் பின் 12, இரண்டாம் சுற்றின் பின் 14, மூன்றின் பின் 16. கூட்டெண் +2, தேர்ச்சி எண் 2 உள்ளவர் நிறுத்துவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 65, 55, 45 என்று இறங்கும். மூன்றாவது சுற்று முடிந்தும் நிறுத்த முடியாவிட்டால் தெய்வம் மலையேறாமல் நின்று ஒன்று கேட்கும். அதை அண்ணாவியார் சொல்வார், கூட்டம் முழுவதும் தீர்க்க வேண்டும்.

கெடுவது எங்கே? எதிரே நின்று கேட்கும் ஆளை விட்டுவிடுகிறார்கள். உரு வந்தால் கோயில்களில் யாராவது ஒருவர் முன்னுக்கு வந்து, ‘ஆர் வந்திருக்கிறது, என்ன குறை’ என்று பணிவாகக் கேட்பார், பிறகு திருநீறு போட்டு ஆற்றுவார். மேசையிலும் இன்னொரு ஆட்டக்காரர் அதைச் செய்ய வேண்டும். அவர் கேட்கும் முறை நன்றாக இருந்தால் நிறுத்தும் சோதனைக்கு +2. இந்த ஆள் இல்லாமல் ஆடினால் பூசாரி தனியே கத்த, மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இருந்தால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள்.

இன்னொன்று. நடித்துக் காட்டுவதற்காக உண்மையான கோயில் மந்திரங்களையோ வேண்டுதல்களையோ சொல்ல வேண்டாம். பக்கத்து அறையில் அம்மம்மா இருப்பார்.

பாணர் சண்டையில் என்ன செய்வார்?

நேரம் பார்ப்பார். மருதப்பண் காலைக்கு, செவ்வழி மாலைக்கு உரியது. வள்ளல் நள்ளியின் கொடையில் மூழ்கிய பாணர் மாலையில் மருதமும் காலையில் செவ்வழியும் வாசித்து முறையையே மறந்தார்கள் என்று புறநானூற்றின் 149ஆம் பாட்டு சொல்கிறது. இந்த விதி அதிலிருந்து வந்தது. உரிய நேரத்தில் வாசித்தால் கேட்கும் தோழர் ஒருவருக்கு ஆறுமுகப் பகடை ஒன்று, அவர் விரும்பும் சோதனையில் கூட்டிக்கொள்ளலாம். நேரம் தவறி வாசித்தால் அதில் பாதி.

யாழும் படியோடு வளரும். முதலில் ஏழு நரம்புச் செங்கோட்டியாழ், ஒரே ஆளுக்குத்தான் பலன். ஐந்தாம் படியில் பதினான்கு நரம்புச் சகோடயாழ், இரண்டு பேருக்கு. ஒன்பதாம் படியில் இருபத்தொரு நரம்புப் பேரியாழ், கேட்கும் எல்லோருக்கும். யாழ் வாசித்து மணற்றி என்ற மணல்நிலத்தைப் பரிசாகப் பெற்ற பாணனின் கதையால் பெயர் பெற்ற ஊரில் இருக்கிறோம். இந்தப் பாதையை யாரும் எடுக்காமல் விடுவது எங்களுக்கு வருத்தம்.

நாகவழிக்கு நீர்ச் சக்தி ஏன் இவ்வளவு கட்டுப்பாடாக இருக்கிறது?

இந்த மண் அப்படி. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கீழே உள்ள உவர்நீருக்கு மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. அளவுக்கு மேல் இறைத்தால் உவர் மேலே ஏறும். நாகர் சக்தியும் அதே கணக்கில் நடக்கிறது.

ஒவ்வொரு கிணற்றுக்கும் மாரியில் ஆறு பட்டை (நீர் இறைக்கும் வாளி), கோடையில் மூன்று பட்டை நன்னீர். ஒரு சக்திக்கு ஒரு பட்டை. நன்னீர் தீர்ந்த பின்னும் எடுத்தால் சக்தி வேலை செய்யும், ஆனால் அந்தக் கிணறு உவராகும், ஊர்ச்சனம் எதிரியாகும். ஒரு மழைக்கு ஒரு பட்டை திரும்பும். நிலாவரைக் கிணறு மட்டும் விதிவிலக்கு. மேலே நன்னீர், ஆழத்தில் உவர், வற்றாது. அங்கே எண்ணிக்கை இல்லை. ஆனால் ஐந்தாவது பட்டையிலிருந்து ஒவ்வொன்றுக்கும் 15க்குச் சோதனை, தவறினால் ஆழத்திலிருப்பது விழித்துக்கொள்ளும். அது என்ன என்பது அண்ணாவியாரின் பாடு.

நாகவழியினரின் பழைய பகை கருடன். நயினாதீவில் பாம்பு சுற்றிய கல்லையும் கருடன் கல்லையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்கு: அம்மனுக்குப் பூக்கொண்டு கடலில் நீந்திய நாகத்தைக் கருடன் மறித்தது என்பது அங்குள்ள ஐதிகம். முதல் நேர்த்திக்கு மிகப் பொருத்தமான கதை.

மாந்திரீகரின் ஓலைகள் அழிந்தால்?

ஆறு ஓலையோடு தொடங்கி, படிக்கு இரண்டு கூடும். ஓலை ஒன்றுக்கு ஒரு மந்திரம். நனைந்தால் ஒரு நாள் உலர்த்த வேண்டும், செல்லரித்தால் அல்லது எரிந்தால் போனதுதான். படியெடுக்க எழுத்தாணியும் ஓலைக்கு ஒரு இரவும் தேவை. ஆகவே இரண்டாம் படி வந்ததும் முக்கியமான மூன்றைப் படியெடுத்து வேறொருவர் பையில் வையுங்கள்.

ஓலைகள் எரியும் காட்சியை அண்ணாவியார் சும்மா கொண்டுவரக் கூடாது. 1981இல் எரிந்த எங்கள் பொதுநூலகத்தில் ஏட்டுச்சுவடிகளும் போயின. மேசையில் இருப்பவர்களிடம் முதலே கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வேறு எவற்றை முதலே கேட்க வேண்டும்?

முதல் அமர்வுக்கு முன் ஆளுக்கொரு துண்டில், கதையில் வரக் கூடாதவற்றைப் பெயர் போடாமல் எழுதித் தரச் சொல்லுங்கள். காணாமற்போனவர்கள், பதுங்குகுழி, இடம்பெயர்வு போன்றவை இங்கே கற்பனைப் பொருள் அல்ல, பல வீடுகளில் ஆறாத விஷயம். துண்டில் வந்தது கதையில் வராது, காரணம் கேட்பதில்லை.

நல்ல நேர்த்தி எது?

யாருக்கு, என்ன, எப்போதைக்குள் என்ற மூன்றும் இருக்க வேண்டும். ‘நல்லவனாக இருப்பேன்’ நேர்த்தி அல்ல, அதை யாராலும் முறிக்கவும் முடியாது, தீர்க்கவும் முடியாது. ‘வைகாசிப் பூரணைக்குள் ஊர் எல்லை வைரவருக்கு மூன்று மடை வைப்பேன், அதுவரை தலைமயிர் வெட்டேன்’ என்பது நேர்த்தி.

மூன்று நேர்த்திப் புள்ளியோடு தொடங்குங்கள், ஐந்துக்கு மேல் போகாது. ஒரு அமர்வில் நேர்த்திக்காக எதையாவது இழந்தால் அல்லது விட்டுக்கொடுத்தால் ஒன்று கூடும். முறித்தால் இரண்டு குறையும். ஒரு புள்ளி கொடுத்து எந்தப் பகடையையும் மறுபடி உருட்டலாம். புள்ளி 0 ஆனால், மூன்றாம் படியில் பாதையின் கிளையாகக் கிடைத்த சிறப்புச் சக்தி நேர்த்தி தீரும் வரை வேலை செய்யாது.

பாதை மாறலாமா?

மூன்றாம் படிக்குப் பிறகு. புதிய பாதைக்குரிய குணம் 13க்குக் குறையக் கூடாது, பழைய நேர்த்தி தீர்ந்திருக்க வேண்டும், கற்றுத்தர ஒரு குரு கதைக்குள் இருக்க வேண்டும். மூன்றுபடி மறவர், இரண்டுபடி பூசாரி என்று கலந்தவர் ஐந்தாம் படியில் நிற்பார், ஆனால் மறவரின் இரண்டாவது அடி அவருக்கு வராது. அது தெரிந்து மாறுங்கள். ஐந்து வரை ஒரே பாதையில் போய்ப் பிறகு கலப்பதையே நாங்கள் சொல்வோம்.

இந்தப் பாதைகள் பிறப்பால் வருபவையா?

இல்லை. இந்தத் தொழில்களில் பலவற்றை ஊரில் சாதியோடு கட்டிவைத்திருந்தார்கள். இந்த உலகில் அந்தக் கட்டு இல்லை. எந்தப் பாதையையும் எவரும் எடுக்கலாம், பூசாரியாகப் பெண்கள் நிற்கலாம். ‘உன்ர பாத்திரம் எந்தப் பகுதி’ என்று மேசையில் கேட்பதற்கு இடமில்லை. இதில் அண்ணாவியாருக்கும் விட்டுக்கொடுப்புக் கிடையாது.

தெய்வத்தோடு சண்டை பிடிக்கலாமா? குதிரைமுகத்தோடு தொடங்கலாமா?

தெய்வங்களுக்கு உயிர்ப்புள்ளி எழுதுவதில்லை. பேசலாம், மன்றாடலாம், கோபிக்கலாம். முனி, பேய், அரக்கர் ஆகியோருடன் மோதலாம்.

சாபமுகம் பாதை அல்ல, தொடக்கத்தில் எடுக்கும் ஒரு சுமை. கீரிமலையில் நீராடிக் குதிரைமுகம் நீங்கிய மாருதப்புரவீகவல்லியின் கதை எல்லோருக்கும் தெரியும். கீரிமுகம் நீங்கிய நகுலமுனியும் அங்கேதான். முகராசிச் சோதனைக்கு −2, அதற்கு ஈடாக ஒரு நேர்த்திப் புள்ளி கூடுதலாகத் தொடங்கும். சாபத்தை ஐந்தாம் படிக்கு முன் நீக்கிவிடாதீர்கள். நீங்கிய பிறகு அந்தப் பாத்திரத்துக்கு வேறு ஆசை ஒன்று இருக்க வேண்டும், அது வளர நாள் எடுக்கும்.

பாத்திரம் செத்தால்?

நடுகல் நட்டு, பெயரையும் தீராத நேர்த்தியையும் அதில் எழுதுங்கள். அடுத்த பாத்திரம் அதே படியில் தொடங்கும். அந்த நேர்த்தியை ஏற்றுக்கொண்டால் ஐந்து புள்ளியோடு தொடங்கும்.

படி ஏற எத்தனை அமர்வு?

மூன்று மணித்தியால அமர்வு என்றால், இரண்டாம் படிக்கு ஒன்று, மூன்றாம் படிக்கு இன்னும் இரண்டு, அதன் பின் படிக்கு மூன்று. ஐந்தாம் படிக்கு மொத்தம் ஒன்பது.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள மச்சான்மார் வீடியோவில் சேரலாமா?

சனிக்கிழமை இரவு 7.30க்கு இங்கே தொடங்கினால் கோடையில் ரொறன்ரோவில் காலை 10, லண்டனில் பிற்பகல் 3. குளிர்காலத்தில் அங்கே ஒரு மணித்தியாலம் முந்தும்: 9, 2. வெளியிலிருந்து சேருபவர் பூசாரியோ பாணரோ எடுக்க வேண்டாம், குரல் பிந்தி வருவதால் உருவும் பண்ணும் உடைந்துபோகும். மாந்திரீகர் நல்ல பொருத்தம். ஓலைகளைத் தன் தாளில் தானே வைத்துக்கொண்டு, முறை வரும்போது எடுத்து வாசித்தால் போதும். பகடையை எல்லோரும் பார்க்கும் ஒரே செயலியில் உருட்டுங்கள்.